பழைய காரின் இசியுவோடு பேச: கே லைன் கேபிளை ஒழுங்காக அமைப்பது

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களில் பலருக்கும் வரும் தலைவலி இது. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது, காரின் சோதனைச் சாக்கெட்டில் புளூடூத் டாங்கிளைச் செருகுகிறோம், 'இசியு கிடைக்கவில்லை' என்கிறது கைபேசி. இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, செத்துவிட்டது என்று பதறவேண்டாம். 2008-க்கு முந்தைய கார்கள் பல, கேன் பஸ் என்ற இன்றைய இரட்டைக் கம்பி இணைப்பில் பேசுவதில்லை. கே லைன் என்ற ஒற்றைக் கம்பியில், இன்றைய கணக்குக்கு நத்தை வேகத்தில் பேசுகின்றன. அந்தக் கம்பியைச் சரியாக எழுப்பத் தெரியாத மலிவு டாங்கிள்கள்தான் சந்தையில் அதிகம். மடிக்கணினியும் ஒரு யுஎஸ்பி சீரியல் கேபிளும் இருந்தால் வேலை நடக்கும்.

அந்தக் கேபிளும் செருகியவுடன் பேசிவிடாது. பேசாவிட்டால் எல்லோரும் முதலில் காரைத்தான் சந்தேகிக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் மடிக்கணினிக்கும் கேபிளுக்கும் நடுவில் இருக்கும். அதனால் இந்தப் பதிவு மடிக்கணினியில் தொடங்கி காரை நோக்கிப் போகிறது. ஒரு படி உறுதியாகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஒரு குறிப்பு: ஹெக்ஸ் (பதினாறின் அடிப்படையிலான) எண்களின் எழுத்துகளை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்றே எழுதியிருக்கிறேன்.

எந்தக் கேபிள்

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மூன்று நான்கு சாதனங்கள் 'யுஎஸ்பி சீரியல்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. 9 பின் முனை கொண்டது ஆர்எஸ்232. அதன் வோல்ட்டேஜ் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் மாறி மாறித் தாவும், தர்க்கமும் தலைகீழ். அதை நேராக காரில் மாட்டக்கூடாது. நான்கைந்து வண்ண ஒயர்கள் தொங்கும் டிடிஎல் போர்டு 3.3 அல்லது 5 வோல்ட்டில் பேசும். அதையும் நேராக மாட்டக்கூடாது, ஏனென்றால் கே லைன் சும்மா இருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட்டில் நிற்கும், போர்டு கருகிவிடும். மூன்றாவது, ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் காரின் சோதனைச் சாக்கெட்டுக்கான 16 பின் ஓபிடி பிளக்கும் கொண்ட கேகேஎல் கேபிள். அதன் வயிற்றுக்குள் யுஎஸ்பி சிப்போடு கே லைனுக்கான வோல்ட்டேஜ் மாற்றியும் இருக்கும். நமக்கு வேண்டியது இதுதான். நான்காவது வகையான இஎல்எம்327-க்குள் தனி மைக்ரோகன்ட்ரோலர் உண்டு. அதைப் பற்றிப் பிறகு.

கேகேஎல் கேபிளின் தரம் உள்ளே இருக்கும் யுஎஸ்பி சிப்பைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ள உறையைப் பிரிக்கவேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் பண்புகளைத் திறந்து, 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' பாருங்கள். 0403, 6001 என்றால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232. 1ஏ86, 7523 என்றால் சிஎச்340. 067பி, 2303 என்றால் பிஎல்2303. 10சி4, இஏ60 என்றால் சிபி2102.

வாங்குவதென்றால் எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்குங்கள். பிராண்டு மோகத்தால் சொல்லவில்லை. கே லைனின் 10400 பாட் (வினாடிக்கு 10400 பிட்) ஒரு வழக்கமான வேகம் இல்லை. எஃப்டிடிஐ தன் 3 மெகாஹெர்ட்ஸை 288.5-ஆல் வகுத்து 10399-க்குப் பக்கத்தில் வந்துவிடும். எட்டில் ஒரு பங்குவரை பின்னமாக வகுக்க அந்தச் சிப்பால் முடியும். அதைவிட முக்கியம், அதில் தாமத நேரத்தை நாமே மாற்றலாம், கம்பியை வேண்டிய நேரம்வரை தாழ்த்திப் பிடிக்கும் பிரேக் சமிக்ஞையும் ஒழுங்காக வேலை செய்யும். சிஎச்340-இன் சில பதிப்புகளில் பிரேக் சரியாக இல்லை. பிரேக் இல்லாவிட்டால் இசியுவை எழுப்பும் முதல் படியிலேயே கதை முடிந்துவிடும்.

போலிகளும் உண்டு. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி சிப்களின் தயாரிப்பு எண்ணையே 0000 என்று மாற்றி எழுதிவிட்டது. உலகம் முழுக்கப் பலருடைய கேபிள்கள் ஒரே வாரத்தில் ஊமையாயின. உங்கள் கேபிள் 0403, 0000 என்று காட்டினால் அந்தக் காலத்துப் பலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎல்2303-இன் பழைய பதிப்புக்கு வேறு விதி: விண்டோஸ் 11-இல் மாட்டினால், 2012-இலேயே நிறுத்தப்பட்ட சிப் என்று டிவைஸ் மேனேஜரில் பெயருக்குப் பதிலாக அறிவிப்பு வரும். அதோடு மல்லுக்கட்டுவது வீண். வேறு கேபிள் வாங்கிவிடுங்கள்.

சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு: 5 வோல்ட் எஃப்டிடிஐ போர்டு ஒன்று, எல்9637டி சிப் ஒன்று, 510 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஓபிடி ஆண் பிளக் ஒன்று போதும். ரெசிஸ்டர், ஒயர், உறை எல்லாம் ஜாலான் புசார் சிம் லிம் டவர் பக்கம் கிடைக்கும் சாமான்கள். 510 ஓம் ரெசிஸ்டர் கே லைனை 12 வோல்ட்டோடு இணைத்து மேலே இழுத்துப் பிடிக்கும். அது கால் வாட்டாக இருக்கக்கூடாது, அரை வாட்டாக இருக்கவேண்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரை ஏறும், கம்பி தாழ்ந்திருக்கும் நேரத்தில் ரெசிஸ்டரில் 0.38 வாட் எரியும். கால் வாட் ரெசிஸ்டர் கொஞ்ச நாளில் கறுத்துவிடும்.

மடிக்கணினியில்

டிரைவரை நிறுவியபின் முதலில் போர்ட் எண்ணைப் பாருங்கள். பழைய நோய்கண்டறியும் மென்பொருள்களில் சில காம்1 முதல் காம்4 வரை மட்டுமே தேடும். உங்கள் கேபிளுக்கு விண்டோஸ் காம்11 கொடுத்திருந்தால் மென்பொருளின் கண்ணுக்கே படாது. டிவைஸ் மேனேஜர், போர்ட்ஸ், பண்புகள், 'போர்ட் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போய் காம்3-ஆக மாற்றுங்கள். 'பயன்பாட்டில் உள்ளது' என்று எச்சரிக்கும். என்றோ மாட்டிய புளூடூத் ஹெட்செட் விட்டுப்போன ஆவிதான் பெரும்பாலும் அந்த எண்ணில் குடியிருக்கும். உண்மையிலேயே எதுவும் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில்தான் 'லேட்டன்சி டைமர்' இருக்கிறது. இந்தப் பதிவில் ஒரே ஒரு அமைப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளமுடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். தானாக வரும் மதிப்பு 16 மில்லிவினாடி. அதை 1 ஆக்குங்கள்.

காரணம் இது. எஃப்டிடிஐ சிப் தனக்கு வரும் ஒவ்வொரு பைட்டையும் உடனே கணினிக்கு அனுப்பாது. 62 பைட் சேரும்வரை, அல்லது லேட்டன்சி டைமர் முடியும்வரை காத்திருந்து மொத்தமாக அனுப்பும். பிரிண்டருக்கோ மோடத்துக்கோ அது நல்ல ஏற்பாடு. கே லைனில் வரும் பதிலோ பத்துப் பன்னிரண்டு பைட்தான், ஆகவே 62 ஒருபோதும் சேராது, ஒவ்வொரு பதிலும் டைமர் முடியும்வரை சிப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்டால், கே லைன் நெறிமுறைகளில் ஒன்றான ஐஎஸ்ஓ 9141-இன் கைகுலுக்கலை, அதாவது தொடர்பைத் தொடங்கும் முறையைப் பாருங்கள். இசியு தன் இரண்டாவது அடையாள பைட்டை அனுப்பிய பிறகு, நாம் 25 முதல் 50 மில்லிவினாடிக்குள் அதன் தலைகீழ் மதிப்பை (0 பிட்டை 1 ஆகவும், 1-ஐ 0 ஆகவும் மாற்றியதை) திருப்பி அனுப்பியாகவேண்டும். நிரல் எழுதியவர் நடுவாக 30 மில்லிவினாடி பொறுக்கச் சொல்லியிருப்பார். சிப்பில் 16 போகிறது. நிரலைக் காத்திருக்கவைக்கும் விண்டோஸின் தூக்கக் கணக்கு 15.6 மில்லிவினாடிப் படிகளில் நகர்வதால் அதில் இன்னொரு 15 போகலாம். மொத்தம் 61. இசியு கதவைச் சாத்திவிடும். சில நேரம் இந்தக் கணக்கு 48-இல் நின்றுவிடும், அப்போது இணைப்பு கிடைக்கும். 'மூன்று தடவை முயன்றால் ஒரு தடவை பிடிக்கிறது' என்று பலர் சொல்வதன் பின்னணி இதுதான். லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து பிளக்கை அசைத்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் கேடபிள்யூ1281 நெறிமுறை இன்னும் கறாரானது. ஒரு தொகுதியின் கடைசி பைட் தவிர ஒவ்வொரு பைட்டுக்கும் எதிர்முனை தலைகீழ் மதிப்பைச் சொல்லி ஒப்புக்கொள்ளவேண்டும். 15 பைட் தொகுதிக்கு டைமரிலேயே கால் வினாடி கரைந்துவிடும். அதற்குள் இசியு பொறுமை இழக்கும்.

அதே பக்கத்தில் 'சீரியல் எனுமரேட்டர்' என்ற குறியை எடுத்துவிடுங்கள். அது போர்ட்டில் பழைய காலத்து சீரியல் மவுஸ் இருக்கிறதா என்று தேடும் வசதி, நமக்குத் தேவையில்லை. பவர் பிளானில் யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' வசதியையும் அணைத்துவிடுங்கள்.

கேபிளை எப்போதும் ஒரே யுஎஸ்பி துளையில் செருகுவது நல்லது. சிஎச்340 போன்ற தொடர் எண் இல்லாத சிப்பை வேறு துளையில் மாட்டினால் விண்டோஸ் அதைப் புதிய சாதனம் என்று நினைத்துப் புதிய காம் எண் கொடுக்கும். எஃப்டிடிஐ சிப்புக்குப் பெரும்பாலும் தொடர் எண் உண்டு, எண் மாறாது. ஆனால் எந்தக் காரணத்தாலோ புதிய எண் வந்துவிட்டால் லேட்டன்சியும் பழையபடி 16-க்குத் திரும்பியிருக்கும், மறுபடி பாருங்கள்.

லினக்ஸ்காரர்களுக்குச் சுருக்கமாக: உங்கள் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இருக்கவேண்டும், சேர்த்தபின் வெளியேறி மீண்டும் நுழையவேண்டும். உபுண்டு 22.04-இல் சிஎச்340 செருகியவுடன் காணாமல் போனால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைக்கான 'பிஆர்எல்டிடிஒய்' அதைத் தன் சாதனம் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள். லேட்டன்சியை 'சிஸ்' கோப்பகத்தில் அந்தப் போர்ட்டின் 'லேட்டன்சி டைமர்' கோப்பில் 1 என்று எழுதி மாற்றலாம், ஆனால் கேபிளைக் கழற்றி மாட்டினால் பழைய மதிப்பு வந்துவிடும், ஆகவே யுடெவ் விதி ஒன்று எழுதிவையுங்கள். மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் ஓட்டி அதற்குள் கேபிளைக் கொண்டுபோவது வேண்டாம். நேரக் கணக்கில் இன்னொரு இடைத்தரகர் நுழைந்துவிடுவார்.

எதிரொலி: காருக்குப் போகும்முன் மேசையில்

கே லைனில் பேசவும் கேட்கவும் ஒரே கம்பி. நாம் அனுப்பும் ஒவ்வொரு பைட்டும் நம் காதிலேயே திரும்ப விழும். நிரல் எழுதுபவர்களுக்கு இது தொந்தரவு, சோதிப்பவர்களுக்கு வரம். எதிரொலி வருகிறதென்றால் யுஎஸ்பி, டிரைவர், போர்ட், சிப், வோல்ட்டேஜ் மாற்றி அத்தனையும் ஒரே அடியில் தேர்வாகிவிட்டன.

கார் இல்லாமலே இதைச் செய்யலாம். ரவுட்டரோடு வரும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதும். ஓபிடி பிளக்கின் 16-ஆம் பின்னில் பிளஸ், 4-ஆம் பின்னில் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் கேபிள் போய்விடும், மல்டிமீட்டரில் இரண்டு முறை பாருங்கள். பிறகு 'பட்டி' (PuTTY) போன்ற ஒரு டெர்மினல் மென்பொருளில் அந்தப் போர்ட்டைத் திறந்து 9600, 8 பிட், பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று வைத்து, ஏதாவது ஒரு எழுத்தைத் தட்டுங்கள். மென்பொருளின் 'லோக்கல் எக்கோ' அணைந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

தட்டிய எழுத்தே திரையில் வந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால், கே லைன் வரும் 7-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 12-க்குப் பக்கத்தில் காட்டவேண்டும். பூஜ்யம் என்றால் வோல்ட்டேஜ் மாற்றி எரிந்திருக்கிறது அல்லது மேலிழுக்கும் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது. தட்டியது ஒன்று, வந்தது வேறு என்றால் சமிக்ஞை தலைகீழாகியிருக்கலாம். கையால் செய்த கேபிள்களில் இது சகஜம். எஃப்டிடிஐயின் எஃப்டி புரோக் மென்பொருளில் அந்த முனையைத் திருப்பி வைக்கும் வசதி இருக்கிறது.

12 வோல்ட்டை எடுத்துவிட்ட பிறகும் எதிரொலி வந்தால் மகிழவேண்டாம். அந்தக் கேபிள் யுஎஸ்பியின் 5 வோல்ட்டைக் கொண்டே கே லைனை இழுக்கக்கூடும். கே லைனில் பேட்டரி வோல்ட்டேஜில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் '1', 30-க்குக் கீழ் இருந்தால் '0'. 12-இல் 5 என்பது 42 விழுக்காடு, இரண்டுக்கும் நடுவில் திரிசங்கு. அப்படிப்பட்ட கேபிளை காரில் மாட்டிய பிறகு 7-ஆம் பின்னை அளந்து பார்த்துத்தான் நம்பவேண்டும்.

காரில்

நம் ஊர் கார்களில் ஓபிடி சாக்கெட் பெரும்பாலும் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் இருக்கும். பழைய பிஎம்டபிள்யூ இ46-இல் எஞ்சின் பெட்டிக்குள் 20 பின் வட்டச் சாக்கெட் இருக்கும், அதற்குத் தனி மாற்றி வேண்டும். சிலர் ஓபிடியையும், புதிய மின்னியல் சாலைக் கட்டண முறைக்காகப் பொருத்தியிருக்கும் ஓபியு கருவியையும் குழப்பிக்கொள்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், வேலையில் சம்பந்தமே இல்லை. ஓபியு பக்கம் கை வைக்காதீர்கள்.

சாக்கெட்டில் முதலில் மீட்டர். 16-க்கும் 4-க்கும் இடையே சாவி இல்லாமலேயே 12.4-க்குக் குறையாமல் வரவேண்டும். பூஜ்யம் என்றால் ஃபியூஸ் போயிருக்கிறது. பல கார்களில் இந்தப் பின் சிகரெட் லைட்டரோடு ஒரே ஃபியூஸைப் பங்கிட்டுக்கொள்ளும். டாஷ்கேம் மாட்டும்போது யாரோ ஷார்ட் செய்த ஃபியூஸ்தான் 'இசியு பேசவில்லை' என்ற புகாராக வந்து நிற்கும்.

பிறகு 7-ஆம் குழியை எட்டிப் பாருங்கள். அதில் பித்தளை இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக்கா? 7 காலியாக இருந்து 6-உம் 14-உம் இருந்தால் அது கேன் கார், கேகேஎல் கேபிளால் பயனில்லை. பழைய பிஎம்டபிள்யூக்களில் 7-ஓடு 8-ஆம் பின்னும் வேலை செய்யும். எஞ்சின் ஒன்றில், மற்ற பெட்டிகள் மற்றதில். கேபிளில் அந்த இரண்டையும் இணைக்கும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியான சில கார்களில் 16 பின் சாக்கெட் அச்சு அசலாக இருக்கும், ஆனால் பொதுவான ஓபிடி கேள்விகளுக்கு வாயே திறக்காது. அவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் நெறிமுறைதான் வழி.

யுஎஸ்பியை முதலில் செருகுங்கள், பிறகு கார் பக்கம், கடைசியில் சாவி. சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள், எஞ்சின் வேண்டாம். பட்டன் வைத்த கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தடவை அழுத்துங்கள். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்பேட்டையில் உட்கார்ந்து அரைமணி நேரம் உறுமிக்கொண்டிருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குப் புகார் போகும். கோளாறுக் குறியீடுகளைப் படிக்க எஞ்சின் ஓடவேண்டியதில்லை. ஏர்கான் விசிறியையும் விளக்குகளையும் அணைத்துவிடுங்கள், 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இசியுவை எழுப்புவது

இங்கே மூன்று பழக்கங்கள். ஐஎஸ்ஓ 9141-2-இல் 33 என்ற முகவரியை வினாடிக்கு 5 பிட் வேகத்தில் தட்டவேண்டும். ஒரு பிட்டுக்கு 200 மில்லிவினாடி, ஆகமொத்தம் 2 வினாடி. அவ்வளவு மெதுவாக எந்த யுஎஸ்பி சிப்பாலும் பேசமுடியாது, ஆகவே நிரல் பிரேக் சமிக்ஞையை ஏற்றியும் இறக்கியும் கையால் பிட் தட்டும். சரியாக வந்தால் இசியு 10400 பாட்டில் 55, 08, 08 என்று பதில் சொல்லும், சில கார்களில் 55, 94, 94. நாம் கடைசி பைட்டின் தலைகீழை (08 என்றால் எஃப்7) அனுப்பவேண்டும், அது 33-இன் தலைகீழான சிசி சொல்லி முடிக்கும். 55 வந்து சிசி வரவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு லேட்டன்சியைப் பாருங்கள். 55-ஏ வரவில்லை என்றால் பிரேக் வேலை செய்யவில்லை, அல்லது கார் இந்த நெறிமுறை இல்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே கம்பி குறைந்தது 300 மில்லிவினாடி சும்மா இருக்கவேண்டும். படபடவென்று திரும்பத் திரும்ப முயன்றால் நாமே அதை எழவிடாமல் செய்கிறோம்.

கே லைனின் இன்னொரு நெறிமுறையான கேடபிள்யூபி2000-இன் வேகமான முறையில் கம்பியை 25 மில்லிவினாடி தாழ்த்தி, 25 உயர்த்தி, உடனே சி1 33 எஃப்1 81 66 அனுப்பவேண்டும். பிழைக்கு இடம் ஒரே ஒரு மில்லிவினாடி. விண்டோஸின் தூக்கக் கணக்கை நம்பி இதைச் செய்யமுடியாது. இதற்கு ஓர் அழகான தந்திரம் இருக்கிறது: பாட் ரேட்டை 360 ஆக்கி 00 என்ற பைட்டை அனுப்புங்கள். ஸ்டார்ட் பிட்டும் எட்டுப் பூஜ்யங்களும் சேர்ந்து 9 பிட், 360-ஆல் வகுத்தால் சரியாக 25 மில்லிவினாடி. தாழ்வை சிப்பின் கடிகாரமே அளந்து கொடுத்துவிடும். பிறகு 10400-க்கு மாறுங்கள். நல்ல பதில் 83 எஃப்1 11 சி1 இஎஃப் 8எஃப் சி4 போல இருக்கும். கடைசி பைட் மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகையின் கடைசி இரண்டு இலக்கம். ஹெக்ஸில் கூட்டிப் பாருங்கள், 3சி4 வரும்.

மூன்றாவது, சுபாரு. 2000-களின் இம்ப்ரேஸா, ஃபாரஸ்டர் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த எஸ்எஸ்எம்2 நெறிமுறைக்கு எழுப்பும் சடங்கே கிடையாது. 4800 பாட், 8 பிட், பேரிட்டி இல்லை. சாவியை ஆன் செய்து 80 10 எஃப்0 01 பிஎஃப் 40 அனுப்பினால், முதலில் உங்கள் ஆறு பைட்டும் எதிரொலியாக வரும், அதன் பின்னே 80 எஃப்0 10 என்று தொடங்கி இசியு தன் அடையாளத்தைச் சொல்லும். சிஎச்340 கேபிள்கூட இதற்குப் போதும். கே லைன் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் இல்லை. மிட்சுபிஷி லான்சர்காரர்கள் நிறுவனத்தின் சொந்த நெறிமுறையில் பேசவேண்டுமென்றால் வேகம் 15625 பாட் என்பதை மனத்தில் வையுங்கள். எஃப்டிடிஐக்கு அது 192-ஆல் வகுக்கும் முழுக்கணக்கு.

கேள்வி அனுப்பும்போது ஒரு பொறி. கேடபிள்யூபி2000-இல் நாம் அனுப்பும் பைட்டுகளுக்கு இடையே குறைந்தது 5 மில்லிவினாடி இடைவெளி வேண்டும். ஒரே மூச்சில் எழுதித் தள்ளினால் சில இசியுக்கள் எந்தப் பிழையும் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும். ஒவ்வொரு பைட்டாக அனுப்பி, அதன் எதிரொலியைப் படித்து, 5 மில்லிவினாடி பொறுத்து அடுத்ததை அனுப்புங்கள். 5 வினாடி எதுவுமே பேசாமல் இருந்தால் இசியு தொடர்பைத் துண்டித்துவிடும், மறுபடி எழுப்பவேண்டும்.

முதல் கேள்வியாகக் குளிர்நீரின் வெப்பநிலையைக் கேளுங்கள். ஐஎஸ்ஓ 9141-2 காரில்: 68 6ஏ எஃப்1 01 05 சி9. பதில் 48 6பி 10 41 05 46 4எஃப் என்று வந்தால், 46 என்பது பதின்மக் கணக்கில் 70, அதில் 40 கழித்தால் 30 டிகிரி. இரவெல்லாம் நின்ற கார் காலையில் இங்கே 28 முதல் 31 வரை காட்டினால் நம்பலாம். 01 0எஃப் என்று கேட்டு உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் எடுத்து ஒப்பிடுங்கள் (செக்சம் எனும் கடைசி பைட் டி3). குளிர்ந்த எஞ்சினில் இரண்டும் ஓரிரு டிகிரிக்குள் ஒத்துப்போகவேண்டும். மைனஸ் 40 என்று வந்தால் சிங்கப்பூரில் பனி பெய்யவில்லை, சென்சாரின் ஒயர் விட்டுப்போயிருக்கிறது.

இஎல்எம்327 கேபிள் வைத்திருந்தால்

இந்த நேரக் கணக்கெல்லாம் அதற்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரின் தலைவலி, உங்களுடையது இல்லை. அதனால்தான் அது சோம்பேறிகளின் நண்பன். கணினி பக்கம் 38400 பாட், சிலவற்றில் 9600. 'ஏடிஇசட்' என்று தட்டி என்டர் அழுத்தினால் பெயரும் பதிப்பும் சொல்லவேண்டும். குப்பை எழுத்துகள் வந்தால் பாட் ரேட் தவறு. எதுவும் வராவிட்டால் டெர்மினல் கேரேஜ் ரிட்டர்ன் அனுப்புகிறதா என்று பாருங்கள். 'ஏடிஆர்வி' பேட்டரி வோல்ட்டேஜைச் சொல்லும். நெறிமுறையைத் தானாகத் தேடவிடாமல் நாமே சொல்வது நல்லது: ஏடிஎஸ்பி3 என்றால் ஐஎஸ்ஓ 9141-2, ஏடிஎஸ்பி4 மெதுவான கேடபிள்யூபி, ஏடிஎஸ்பி5 வேகமானது. 'பஸ் இனிட் எரர்' என்றால் எழுப்பமுடியவில்லை, 'நோ டேட்டா' என்றால் இசியு எழுந்துவிட்டது, கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு.

பதிப்பு 1.5 என்று வந்தால் அது நகல். இஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. அந்த நிறுவனமும் 2022-இல் கடையை மூடிவிட்டது. நகலானாலும் பல கேன் கார்களில் வேலை செய்யும், கே லைனில்தான் சறுக்கும்.

அழிக்கும் முன்

தொடர்பு கிடைத்த மகிழ்ச்சியில் 'கிளியர்' பட்டனை அழுத்தாதீர்கள். குறியீடுகளையும் அவற்றோடு இருக்கும் ஃபிரீஸ் ஃபிரேமையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பநிலை, லோடு எல்லாம் அதில்தான் இருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். எரிபொருள் கலவைக்காக இசியு கற்றுவைத்த திருத்தங்களும் பல கார்களில் சேர்ந்தே போகும். 10 ஆண்டு தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகவேண்டும். அதற்கு முதல்நாள் இரவு அழித்துவிட்டு, மறுநாள் காலையில் புகைச் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது புத்திசாலித்தனம் இல்லை. இரண்டு மூன்று நாளாவது விரைவுச்சாலையிலும் ஊருக்குள்ளும் ஓட்டிவிட்டுப் போங்கள்.

கே லைன் வழியாக இசியுவில் எழுதுவது, அதாவது ஃபிளாஷ் செய்வது, இந்தக் கேபிளுக்கான வேலை இல்லை. படிக்கும்போது ஒரு பைட் தொலைந்தால் மறுபடி கேட்கலாம். எழுதும்போது தொலைந்தால் டோ டிரக்கைத்தான் கூப்பிடவேண்டும்.

முடித்தபின் சாவியை அணைத்து, மென்பொருளில் போர்ட்டை மூடி, கார் பக்கத்துப் பிளக்கை முதலில் கழற்றுங்கள். 16-ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஆகவே கேபிளை அப்படியே விட்டுவிட்டு வாரக்கணக்கில் வெளியூர் போகாதீர்கள். ஏற்கெனவே வயதான பேட்டரி என்றால் திரும்பி வரும்போது கதவு ரிமோட்டுக்கே பதில் சொல்லாது.